அந்தமானில் பெரும்பாரைக்கு லூர் வீசப் புறப்படுவோர் கட்டவேண்டிய மூட்டை

அந்தமான் கடலில் லூர் எனும் செயற்கை இரையை வீசிப் பெரும்பாரை பிடிக்க விரும்புவோருக்குச் சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரம், அதாவது 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட ஊர், விமானத்தில் இரண்டு மணி நேரச் சொச்சம்தான். தூரம் குறைவாகத் தெரிவதாலேயே பலரும் மூட்டை கட்டுவதைக் கடைசி இரவுக்குத் தள்ளிப்போடுகிறார்கள். ஆனால் அங்குள்ள கடைத்தெருவில் மீனவர்களுக்கான கைத்தூண்டில் நரம்பும் சாதாரண முள்ளும் கிடைக்குமே தவிர, 170 பவுண்டு லீடரையும் (லூருக்கு முன்னால் கட்டும் தடித்த நரம்பு), தடித்த ஸ்பிளிட் ரிங்கையும் (முள்ளை லூரோடு இணைக்கும் வளையம்), மேற்பரப்பில் ஓசை எழுப்பும் லூரான பாப்பருக்கேற்ற கனத்த முள்ளையும் கேட்டுக்கொண்டு கடைகடையாக அலைந்தால் ஒரு நாள் படகு வாடகை வீணாகும். எனவே, சென்னையில் விமானம் ஏறும்போது பையில் இல்லாத பொருள் பயணம் முடியும்வரை இல்லை என்று கருதியே பட்டியலைத் தொடங்க வேண்டும்.

எந்த மீனுக்காகப் போகிறோம் என்பதே எதை எடுத்துச் செல்வது என்பதைத் தீர்மானிக்கிறது. பாரை இனத்திலேயே மிகப் பெரியதான இந்த மீனில் உலக அளவில் பதிவான தூண்டில் சாதனை, 2006ஆம் ஆண்டு ஜப்பானின் ககோஷிமா பகுதியில் பிடிபட்ட 72.8 கிலோ மீன் ஆகும். அந்தமானில் அத்தகையதை எதிர்பார்த்துப் போக வேண்டியதில்லை. ஆனால் 20, 30 கிலோ மீன் எந்த வீச்சிலும் வரக்கூடும். அது லூரைக் கவ்வியவுடன் வெளிக்கடலுக்கு ஓடுவதில்லை. நேராகப் பவளப்பாறையை நோக்கிக் கீழே பாய்கிறது. முதல் பத்து இருபது விநாடிகளில் அதைத் தடுத்து நிறுத்தாவிட்டால் நரம்பு பாறையில் உரசி அறுந்துவிடும். சூரையைப் போல ஓடவிட்டுக் களைப்படையச் செய்யும் வாய்ப்பு இங்கே கிடையாது. ராடு, ரீல், நரம்பு, லீடர், முள் ஆகியவற்றின் தடிமன் வழக்கமான தூண்டில்காரர் கண்ணுக்கு மிகையாகத் தோன்றுவதற்குக் காரணம் இந்த ஒரு பாய்ச்சல்தான்.

பட்டியலை நரம்பிலிருந்து தொடங்குவது நல்லது. ஜப்பானிய பி.இ. எண் நரம்பின் தடிமனைக் குறிக்கிறது, பி.இ. 8 என்பது ஏறத்தாழ 0.47 மில்லிமீட்டர், பி.இ. 10 என்பது 0.52 மில்லிமீட்டர். அந்தமானின் பெரும்பாலான பாறைத்திட்டுகளுக்கு எட்டு இழைகளைப் பின்னிய பிரெய்டு நரம்பில் பி.இ. 8 போதுமானது; ஆழம் குறைந்து பாறை கூர்மையாக இருக்கும் இடங்களுக்கு பி.இ. 10 பாதுகாப்பானது. தடித்த நரம்பு காற்றில் இழுபட்டு வீச்சின் தூரத்தைக் குறைக்கும் என்பதால், முதன்முறை செல்பவர் ஒரு ராடில் பி.இ. 8, மற்றதில் பி.இ. 10 என்று வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் எதை எடுப்பது என்பதைப் படகோட்டியின் அறிவுரைக்கு விட்டுவிடலாம். ரீலில் 300 மீட்டர் இருக்க வேண்டும். அதோடு பிரிக்கப்படாத 300 மீட்டர் சுருள் ஒன்றும் பையில் இருக்க வேண்டும். ஏனெனில் பாறையில் ஒருமுறை 100 மீட்டர் போய்விட்டால், மிச்சத்தை வைத்துக்கொண்டு மறுநாள் வீசுவது பெரிய மீனை எதிர்பாராதவருக்கு மட்டுமே சரிப்படும்.

லீடருக்கு நைலான் நரம்பே ஏற்றது. இந்தப் பாரைக்கு நரம்பை வெட்டக்கூடிய பற்கள் இல்லாததால் கம்பி லீடர் தேவையில்லை. பாறை உரசலையும் திடீர் அதிர்ச்சியையும் தாங்குவதே அதன் வேலை. பி.இ. 8க்கு 130 முதல் 170 பவுண்டு வரை, பி.இ. 10க்கு 200 பவுண்டு என்று இரண்டு சுருள் எடுத்துக்கொள்ளலாம். வஞ்சிரமும் ஊழியும் அவ்வப்போது இந்த நைலானைக் கத்தரித்துக்கொண்டு லூரோடு போய்விடும். அதைச் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். அவற்றுக்குப் பயந்து எல்லா லூருக்கும் கம்பி கட்டினால் லூரின் ஆட்டம் கெட்டு, பாரை வருவது குறையும் என்பது என் கருத்து.

பாப்பிங் ராடு 2.3 முதல் 2.5 மீட்டர் நீளமும், 80 முதல் 200 கிராம் வரையிலான லூரை வீசும் திறனும் உடையதாக இருக்க வேண்டும். இரண்டு ராடு கட்டாயம். ஒன்று உடைவது அபூர்வமல்ல; பெரும்பாலும் மீனால் உடைவதில்லை, படகில் ஏற்றி இறக்கும்போதும் மீனைத் தூக்கும்போது ராடைச் செங்குத்தாக உயர்த்திப் பிடிப்பதாலும்தான் முனை போகிறது. இவற்றோடு ஜிக் எனும் கனத்த உலோக லூரை ஆழத்தில் இறக்குவதற்கு ஏற்ற குட்டையான பி.இ. 4 முதல் 6 வரையிலான ராடு ஒன்றை எடுத்தால், வெயில் உச்சிக்கு ஏறி மேற்பரப்பில் மீன் அடங்கிவிடும் நேரத்தைக் களவாவுக்கும் ஆழத்துச் சூரைக்கும் பயன்படுத்தலாம். பேரன் (Barren) எரிமலைத் தீவுப் பக்கம் போகும் நீண்ட பயணமானால் இந்த மூன்றாவது ராடைத் தவிர்க்கவே கூடாது. தெற்காசியாவில் இன்றும் உயிரோடிருக்கும் அந்த எரிமலையைச் சுற்றிக் கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே கடல் செங்குத்தாக ஆழ்ந்துவிடுகிறது. ஜிக்குக்கு அதைவிடப் பொருத்தமான இடம் அந்தப் பக்கத்தில் இல்லை.

ரீலைப் பொறுத்தவரை ஷிமானோ ஸ்டெல்லா, டைவா சால்டிகா ஆகியவற்றின் 14000 முதல் 20000 வரையிலான அளவுகளே இந்தத் துறையில் பேசப்படுகின்றன. அவற்றின் விலை பலருக்குக் கைக்கெட்டாதது. ஷிமானோ சரகோசா போன்ற அடுத்த நிலை ரீல்கள் நான்கைந்து நாள் பயணத்துக்கு நன்றாகவே தாங்கும். விலையுயர்ந்த ஒற்றை ரீலோடு போவதைவிட நடுத்தர ரீல் இரண்டோடு போவது மேல். நரம்பை ரீலில் சுற்றிவிடும் பெயில் வளையமோ, நரம்பு நழுவும் இறுக்கத்தைக் கட்டுப்படுத்தும் டிராக்கோ முதல் நாளிலேயே சிக்கிக்கொண்டால், அந்த விலையுயர்ந்த ரீலின் சொந்தக்காரர் மீதி நாளெல்லாம் மற்றவர்கள் வீசுவதைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும்.

இனி லூருக்கு வருவோம். எல்லோரும் ஆசையாகப் பணம் செலவழிக்கும் இடம் இது. அதனாலேயே தேவைக்கு மேல் சேர்ந்துவிடும் இடமும் இதுதான். கல்யாண வீட்டுச் சமையல்காரர் இலையில் விழ வேண்டியதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுச் சாமான் பட்டியல் போடுவதைப் போல, இங்கேயும் இழப்பிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். நான்கு நாள் மீன்பிடிப்பில் நாளுக்கு ஒன்றிரண்டு லூர் பாறைக்கோ வஞ்சிரத்துக்கோ போகும் என்று கொண்டால், 12 முதல் 14 லூர் தாராளம். அதில் பாதி பாப்பர்களாக இருக்கட்டும். அகன்ற குழிவாயுள்ள பாப்பர் தண்ணீரை அள்ளி எறிந்து ஓசை எழுப்பி, அலை அதிகமுள்ள காலையிலும் கலங்கிய நீரிலும் தொலைவிலிருந்து மீனை அழைக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஹால்கோ ரூஸ்டா, நோமாட் சக் நோரிஸ், இந்தோனேசியாவின் ஹெரு கியூபரா ஆகியவை பல ஆண்டுகளாக நின்று விளங்கும் பெயர்கள். ரூஸ்டாவின் 135, 160 மில்லிமீட்டர் அளவுகள் விலையிலும் தாங்கும். புதியவர் இவற்றிலிருந்தே தொடங்கலாம்.

மீதிப் பாதி ஸ்டிக்பெயிட்டுகள். கடல் கண்ணாடிபோல் கிடக்கும் நாளில், பாப்பரின் ஆரவாரத்துக்கு விலகிப்போகும் மீன், காயம்பட்ட கோலா மீனைப்போல் ஓசையின்றி நெளிந்துவரும் ஸ்டிக்பெயிட்டைப் பின்தொடர்ந்து வந்து அடிக்கும். மிதப்பவை நான்கும் மெல்ல மூழ்குபவை இரண்டும் என்று பிரித்துக்கொள்ளலாம். ஜப்பானின் கார்பென்டர் காமா போன்ற மர ஸ்டிக்பெயிட்டுகள் அழகானவை, அவற்றின் ஆட்டமும் தனி ரகம்; ஆயினும் அந்த விலைக்கு வாங்கியதைப் பாறைமேல் தயங்காமல் வீச உங்கள் கை துணியுமா என்பதை வாங்கும்போதே யோசித்துக்கொள்ளுங்கள். நிறத்தைப் பற்றி நீண்ட விவாதங்கள் நடக்கின்றன. வெளிர் நிறம் கொஞ்சம், கருநிறம் கொஞ்சம், கோலா மீனின் நீலவெள்ளி கொஞ்சம் என்றிருந்தால் போதும். படகு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஓடும்போது பின்னால் இழுத்துவர ரபாலா எக்ஸ்-ராப் மேக்னம் லூர் ஒன்றிரண்டு இருந்தால் மதிய உணவுக்கு வஞ்சிரமோ சூரையோ கிடைக்கக்கூடும். ஜிக்குகளில் 150 முதல் 300 கிராம் வரை எட்டு எடுத்தால் மிகுதி.

முள்ளும் ஸ்பிளிட் ரிங்கும் சிறியவை, விலை குறைந்தவை, கவர்ச்சி இல்லாதவை. பயணத்தைக் கெடுப்பவையும் பெரும்பாலும் இவைதான். கடையில் லூரோடு பொருத்தியே வரும் முள் பல சமயம் 10 கிலோவுக்கு மேல் இழுவிசை வந்தவுடன் விரிந்துகொடுத்துவிடும். ஆகவே லூரை வாங்கியவுடன் அதிலுள்ள முள்ளையும் வளையத்தையும் கழற்றி, பி.கே.கே., டிகாய், ஓனர் போன்ற நிறுவனங்களின் கனத்த கடல்நீர் முட்களையும், 200 பவுண்டுக்குக் குறையாத வளையங்களையும் மாட்ட வேண்டும். இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஸ்டிக்பெயிட்டின் ஆட்டம் அதன் மொத்த எடையைச் சார்ந்தது. லூரோடு வந்த மூன்றுமுனை முட்கள் இரண்டின் எடையையும் வளையங்களின் எடையையும் குறித்துக்கொண்டு, புதிதாக மாட்டும் முட்களும் வளையங்களும் ஏறக்குறைய அதே எடைக்கு வருகின்றனவா என்று சமையலறை மின்தராசில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். கூடிப்போனால் மிதக்க வேண்டியது மூழ்கும். குறைந்துபோனால் வால் தூக்கிக்கொண்டு தண்ணீரின் மேல் துள்ளும்.

மூன்றுமுனை முள்ளா ஒற்றை முள்ளா என்ற கேள்விக்கு நான் ஒற்றை முள்ளின் பக்கமே நிற்கிறேன். பிடித்த மீனைத் திரும்ப விடுவது இந்த மீன்பிடிப்பின் வழக்கம். ஒற்றை முள் வாயின் ஓரத்தில் சுத்தமாகப் பதிவதால் கழற்றுவது எளிது, மீனின் கண்ணும் செவுளும் பிழைக்கின்றன. அதற்கும் மேலான காரணம், ஆடும் படகில் துள்ளும் 30 கிலோ மீனின் வாயில் ஒரு முனையும் உங்கள் உள்ளங்கையில் மற்றொரு முனையும் மாட்டிக்கொள்ளும் நிலை ஒற்றை முள்ளில் அரிது. முள்ளின் முனையருகே பின்னோக்கி நீண்டிருக்கும் எதிர்மடலைப் பிளையரால் நசுக்கிவிட்டால் இரு தரப்புக்கும் நல்லது. நரம்பை இறுக்கமாக வைத்திருந்தால் அதனால் மீன் தப்பிப்பது கூடுவதில்லை. உதிரியாக, கொண்டுபோகும் லூர் எண்ணிக்கைக்குச் சமமான அளவு முள்ளும் அதைப்போல் இரண்டு மடங்கு வளையமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். ஸ்பிளிட் ரிங் பிரிக்கும் கனத்த பிளையர், பிரெய்டு வெட்டும் கத்தரி, முடிச்சை இறுக்க உதவும் கையுறை, இடுப்பில் கட்டி ராடின் அடியைத் தாங்கும் பெல்ட், முள்ளைத் துண்டிக்கும் சிறிய போல்ட் கட்டர் ஆகியவை போதும். இந்தக் கடைசிக் கருவியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முள் கையில் ஏறிவிட்டால், அதன் முனையை வெட்டிவிட்டு எடுப்பதற்கும் லூரிலிருந்து கையை உடனே விடுவிப்பதற்கும் அது ஒன்றே வழி. படகிலிருந்து மருத்துவமனை பல மணி நேரத் தொலைவில் இருக்கலாம். அதே காரணத்துக்காக, டெட்டனஸ் தடுப்பூசி காலாவதியாகிவிட்டதா என்று புறப்படுமுன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுவது நன்று.

இருபது ரூபாய்ப் பொருளான சிகரெட் லைட்டர் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பிரெய்டையும் லீடரையும் இணைக்கும் எஃப்.ஜி. முடிச்சின் இறுதியில், வெட்டப்பட்ட லீடர் நுனியை லேசாகச் சுட்டு உருட்டிவிட அது தேவைப்படுகிறது. ஆனால் இந்திய விமானங்களில் லைட்டருக்குக் கைப்பையிலும் இடமில்லை, சரக்குப் பெட்டியிலும் இடமில்லை. இறங்கியபின் பெட்டிக்கடையில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்த முடிச்சை வீட்டிலேயே பழகிவிட வேண்டும்; ஆடும் படகில் கற்றுக்கொள்ளக்கூடியது அல்ல அது. இறுக்கமாகப் பிடித்த பிரெய்டு லீடரின் மேல் மாறிமாறி இருபது முறை பின்னப்படுகிறது. பின் அதை ஈரப்படுத்தி, கையுறை அணிந்து இரு பக்கமும் இழுக்கும்போது, வெளிறியிருந்த பின்னல் கருத்துச் சுருங்கி லீடருக்குள் பதிவது கண்ணுக்கே தெரியும். நிறம் மாறாத முடிச்சை நம்பக் கூடாது. வெட்டிவிட்டு மறுபடி பின்ன வேண்டும். லீடர் இரண்டு மீட்டர் அளவில் இருந்தால், வீசும் நிலையில் முடிச்சு ராடின் மேல் வளையங்களுக்குள் நின்றுகொள்ளும், ரீலுக்குள் போய்ச் சிக்காது. புறப்படும் முன் இரண்டு ராடுக்குமான முடிச்சுகளோடு, உதிரி லீடர் துண்டுகளையும் வெட்டிச் சுருட்டி வைத்துவிட்டால் படகில் நேரம் மிச்சமாகும்.

பெட்டியை எடைபோட உதவும் கொக்கி வைத்த மின்தராசு, டிராக்கை அளவிடவும் உதவும் என்பதால் அது இரட்டைப் பயன் தரும். பி.இ. 8க்கு 10 முதல் 13 கிலோ என்பது நியாயமான டிராக் அளவு. தோட்டத்திலோ மொட்டைமாடியிலோ ஒருவர் ராடை மீன் பிடிக்கும் கோணத்தில் வளைத்துப் பிடிக்க, மற்றொருவர் நரம்பு நுனியைத் தராசில் மாட்டி மெல்ல இழுத்து, டிராக் நழுவத் தொடங்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். காகிதத்தில் 10 கிலோ சிறிய எண்ணாகத் தோன்றும்; இழுக்கத் தொடங்கியதும் இடுப்பும் முழங்காலும் அதன் உண்மையான அளவைச் சொல்லிவிடும். அந்த அளவை நின்று தாங்க முடியாதவர் படகில் இன்னும் இரண்டு கிலோ குறைத்துவைப்பதே உடலுக்குப் பாதுகாப்பு.

உடுப்பு விஷயம் எளிது. முழுக்கைச் சட்டை, கழுத்தையும் முகத்தையும் மூடும் துணி, வழுக்காத காலணி, நீரின் மினுமினுப்பை அடக்கும் போலரைஸ்டு கண்ணாடி போதும். அந்தக் கண்ணாடி வெயிலுக்கு மட்டுமன்று. மற்றவர் வீசும் லூரின் முள்ளிலிருந்து கண்ணைக் காப்பதும் அதுவே. இந்திய நேரப்படி அங்கே ஐந்து மணியை ஒட்டியே விடிந்து, மாலை ஐந்து ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடுவதால், இருளில் படகேறவும் முடிச்சுப் போடவும் நெற்றி விளக்கு அவசியம். கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலும்கூடக் கடல்மயக்கம் வரலாம். பிரோமெதசின் போன்ற மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுப் பெற்று முதல்நாள் இரவே தொடங்குவது நல்லது, தலை சுற்றிய பிறகு விழுங்குவதால் பயனில்லை. உப்புக்கரைசல் பொட்டலங்கள் ஒரு பிடி சேரட்டும். உயிர்காப்புச் சட்டை படகில் எல்லோருக்கும் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். சொந்தமாக எடுத்துச் செல்வதானால் நுரைச் சட்டையே நல்லது, வாயுக்குப்பி வைத்துத் தானே ஊதிக்கொள்ளும் வகைக்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டியிருக்கும்.

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து சேர்ந்துகொள்ளும் நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை தனியாகச் சொல்லப்பட வேண்டும். நடுக்கடலில் உதவும் என்று செயற்கைக்கோள் தொலைபேசியையோ, செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் சிறு கருவியையோ எடுத்துவரக் கூடாது. உரிய அனுமதியின்றி அவற்றை இந்தியாவில் வைத்திருப்பது சட்டவிரோதம். விமான நிலையத்திலேயே வெளிநாட்டினர் பிடிபட்டிருக்கிறார்கள்.

எடைக்கு வருவோம். உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புக்குப் பெரும்பாலும் 15 கிலோ சரக்கும் 7 கிலோ கைப்பையும்தான் இலவசம். மூன்று ராடும் குழாயுமாக ஏறத்தாழ 3 முதல் 4 கிலோ, லூர் 2 கிலோ, ஜிக் 2 கிலோ, முள்ளும் கருவிகளும் ஒன்றரை கிலோ, உடுப்பு 4 கிலோ என்று 13 கிலோவைத் தொட்டுவிடும். லூர் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கியவர் விமான நிலையத்தில் கூடுதல் கட்டணம் கட்டுவது இதனால்தான். ரீல்களைத் துணிப்பையில் சுற்றிக் கைப்பையில் வைப்பது வழக்கம். சரக்குப் பெட்டியில் அடிபட்டால் கைப்பிடி வளைந்துவிடும். முள், பிளையர், கத்தரி, கட்டர் எல்லாம் சரக்கில்தான் போக வேண்டும். பவர் பேங்க் மட்டும் அதற்கு நேர்மாறாகக் கைப்பையில்தான் போக வேண்டும். முட்களை லூரிலிருந்து கழற்றித் தனிப் பெட்டியில் வைத்தால் லூர்கள் ஒன்றையொன்று கீறாது.

ராடுக்கு விலையுயர்ந்த உறை தேவையில்லை. வன்பொருள் கடையில் கிடைக்கும் நான்கு அங்குல பி.வி.சி. குழாயை ராடைவிட ஒரு சாண் நீளமாக வெட்டி, இரு முனையிலும் மூடி போட்டு, உள்ளே பழைய துண்டுகளைத் திணித்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அடிப்பகுதி மட்டும் கழன்று, மேல்பகுதி ஒரே துண்டாக இருக்கும் ராடுக்கு அந்தக் குழாய் இரண்டு மீட்டரை நெருங்கும். அந்த நீளத்தை ஏற்றுக்கொள்வார்களா என்று விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது அவசியம். அடிக்கடி பயணம் செய்பவர் மூன்று துண்டாகப் பிரியும் ராடை வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. இன்றைய நல்ல மூன்று துண்டு ராடுகள் வலிமையில் பின்தங்கியவை அல்ல.

திரும்பும் மூட்டையைக் கடைசி மாலையிலேயே கட்டத் தொடங்க வேண்டும். ரீலின் டிராக்கை முழுக்க இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரைப் பீய்ச்சாமல் மெல்லிய தூறலாகத் தெளித்துக் கழுவி, துடைத்து நிழலில் உலரவைத்தபின் டிராக்கைத் தளர்த்திவிடுங்கள். ஒரு நாளேனும் கடலில் நனைந்த முட்களைப் புதிய முட்களோடு சேர்த்துப் போடாதீர்கள். வீடு சேர்வதற்குள் துரு பெட்டி முழுவதும் பரவியிருக்கும். கரையில் பொறுக்கிய பவளத் துண்டையும் சங்கையும் நினைவுக்கென்று பையின் மூலையில் செருகிக்கொள்ளாதீர்கள். விமான நிலையச் சோதனையில் அவை பிடிபட்டால், வனவிலங்குச் சட்டத்தின் கீழ் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கையில் சென்னை விமானம் போய்விடும்.